இடது மணிக்கட்டும் அஞ்சலையின் பசுவும்

1986 பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் நல்ல பனி. பிரம்மதேசம் சாலையில் எதிரே வருவது லாரியா மாட்டு வண்டியா என்று கிட்டே வரும்வரை தெரியவில்லை. மொபெட்டில் விளக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

மாட்டாஸ்பத்திரியில் கூட்டம். கழிச்சல் கன்று இரண்டு. கொம்பு முறிந்த காளை ஒன்று. சினை ஊசி நான்கு. கோழிக்கு மருந்து கேட்டு வந்தவர் கோழியைக் கொண்டு வரவில்லை. "கோழி எதுக்கு சார், அதான் நான் சொல்றேனே."

பதினொரு மணிக்கு ஒரு செவலைக் கிடேரி. சினை பார்க்க இடது கையை முழங்கை தாண்டி உள்ளே விட்டிருந்தேன். உதவியாளர் கோவிந்தன் வாலைப் பிடித்திருக்க வேண்டும். அவன் யாரோ தீப்பெட்டி கேட்டதற்கு இடுப்பைத் துழாவிக்கொண்டிருந்தான். மாடு பின்னங்காலை மடக்கிப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. கை உள்ளே, நான் வெளியே, நடுவில் மாட்டை நிறுத்திவைக்கும் இரும்புச் சட்டம். சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டில் டக் என்று ஒன்று. எனக்கு மட்டும்தான் கேட்டது.

"ஒண்ணும் இல்ல சார். மாடு பயந்துக்கினு குந்திச்சு."

கோவிந்தன் மாட்டின் பயத்தைப் பற்றி மட்டும் சொன்னான்.

கிடேரி சினை இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தேன்.

சாயங்காலம் திண்டிவனத்தில் வீட்டுப் பூட்டில் இடது கையால் சாவியைத் திருப்ப முடியவில்லை. வசந்தா உள்ளேயிருந்து வந்து திறந்தாள். வெந்நீர், கல்லுப்பு. நல்ல வேளை, எழுதுவது வலது கை.

பிப்ரவரி 6, வியாழன்

இதுவரை வந்த வைத்தியங்கள்:

வசந்தா: உப்பு ஒத்தடம்.

கோவிந்தன்: முட்டை வெள்ளைக்கரு, உளுத்தம் மாவு, பழைய வேட்டித் துணி.

கோலியனூர் மச்சான், பஸ் ஸ்டாண்டில் பார்த்தது: "விழுப்புரம் போயி ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க மாப்ள, அப்புறம் பேசிக்கலாம்." எதைப் பேசுவார் என்று சொல்லவில்லை.

மல்லாட்டைக் கடலை பயிரிட்டிருக்கும் ஒரு பெரியவர்: சூடு. "எங்க காளைக்குத் தோளு எறங்கிச்சே, ரெண்டு கோடு இழுத்தோம், மறாநாளே ஏர்ல பூட்டினோம் சார்." மாட்டுக்குச் சூடு போடாதீர்கள் என்று இதே மனிதரிடம் போன வருஷம் அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். கண்ணை மூடி மூடித் தலையாட்டிக் கேட்டார். இன்று எனக்கே போடச் சொல்கிறார்.

வலிக்கும் இடங்கள்: மேசையில் கையூன்றி எழுந்தால். உள்ளங்கையை மேலே திருப்பினால். கண்டக்டரிடம் சில்லறை வாங்கும்போது கண்ணில் பொறி பறந்தது.

மாடாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? தசைநார், ஓய்வு கொடு, ஏரில் பூட்டாதே. யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. இன்று ஊசி ஐந்து.

பிப்ரவரி 8, சனி

கோவிந்தன் என்னைக் கேட்காமல் காலனியிலிருந்து அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அஞ்சலைக்கு நாற்பது இருக்கும். களை எடுப்பு, அறுப்பு, கூலி. புருஷன் இல்லை. கடனில் வந்த கலப்பினப் பசு ஒன்று. அதுதான் வீட்டில் சம்பாதிக்கிற இன்னொரு ஆள். அஞ்சலை கால் முன்னே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் மிதித்தால் பிடிப்பு விடும், சுளுக்கு விடும் என்று இங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. ஊர்த்தெருவில் யாருக்கு முதுகு பிடித்தாலும் அவளுக்குத்தான் ஆள் போகும். மற்ற நாளில் அவளை வாசலுக்கு வெளியிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்புகிறவர்கள், முதுகில் மட்டும் ஏற விடுகிறார்கள்.

ரொம்பக் கூச்சப்பட்டாள். "டாக்டரு கையில கால் வெக்கறதா? பாவம் சார்."

கோ.: "அவங்க முதுகுல ஏறிக் குதிக்கிறியே, அது பாவம் இல்லியா?"

"அது வேற. அது கேட்டுக்கினு படுக்கறாங்க."

சிரிப்பு வந்துவிட்டது. கேட்டுக்கொண்டு கையை நீட்டினேன். மணலில் வைத்து, மேலே துணி போட்டு, குதிகாலால் மூன்று தடவை. மெதுவாகத்தான். மூன்றாவது தடவை அதே டக்.

"விட்டுச்சு பாருங்க சார்!" முகமெல்லாம் சந்தோஷம்.

எனக்குக் கண்ணில் தண்ணீர். "விட்டுச்சு" என்றேன்.

ஐந்து வருஷம் காலேஜில் படித்தவன் செய்கிற வேலையா இது! கன்றுகள் எல்லாமே கால் முன்னே வந்துதான் பிறக்கின்றன. அந்தக் கணக்கில் என் ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லா மாடும் சுளுக்கு எடுக்க வேண்டும்.

ராத்திரி வீக்கம் இரட்டிப்பு. வசந்தாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

ரயிலில் விழுப்புரம். எக்ஸ்ரே. அங்கிருந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒரு பார்வை. "எலும்பு ஒண்ணும் ஆகல. சாதா சுளுக்கு. பேண்டேஜ் சுத்திக்குங்க."

எலும்பு உடைந்தால் ஒரு மரியாதை. உடையாவிட்டால் சாதா.

திரும்பும்போது எதிர் சீட்டுக்காரர் உறையைப் பார்த்து, "என்னா சார், எக்ஸ்ரேவா?" என்றார். கையை நீட்டி வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். பக்கத்து அம்மாள் பார்த்தாள். கடலை விற்கிறவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். மயிலம் வருவதற்குள் படம் பெட்டி முழுவதும் ஒரு சுற்று வந்துவிட்டது. எல்லோரும் ஒரே முடிவு: எலும்பு நன்றாக இருக்கிறது.

வலி மட்டும் அப்படியே.

பிப்ரவரி 13, வியாழன்

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரி. காலை ஆறு மணிக்கு வரிசை, ஒன்றரைக்கு உள்ளே. எலும்பு டாக்டர் என்னைவிடச் சின்னவர், தூக்கக் கலக்கத்தில் இருந்தார். படத்தைப் பார்க்கவே இல்லை. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் ஒரு குழி இருக்கிறது, அதில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "இதான்" என்றார்.

சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார். முன்கையில் இரண்டு எலும்பு. சின்ன எலும்பின் நுனிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே முக்கோணமாக ஒரு குருத்தெலும்பு. குழாயில் வாஷர் போடுவது மாதிரி. சுற்றித் தசைநார் பிடித்திருக்கும். கையைத் திருப்பும்போது தாங்குவது அதுதான். என்னுடையது கிழிந்திருக்கிறது.

"ஓரத்துல ரத்த ஓட்டம் இருக்கு. அங்க கிழிஞ்சா ஒட்டும். நடுவுல ரத்தமே கிடையாது. அங்க கிழிஞ்சா ஒட்டாது."

"எனக்கு எங்கே கிழிஞ்சிருக்கு?"

"அது வெளியிலேர்ந்து தெரியாது சார். ஆறு வாரம் கட்டுப் போடுவோம். ஒட்டிச்சுன்னா ஓரம். ஒட்டலன்னா நடு."

மாட்டுக்காரர்களிடம் இவ்வளவு நேர்மையாக நான் பேசியதில்லை.

ஆறு வாரமும் கை திரும்பவே கூடாதாம். இது ஒன்றுதான் சந்தர்ப்பம். பாதியில் அசைத்தால் ஒட்டிக்கொண்டு வருகிறதும் பிய்ந்துவிடும், அப்புறம் யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை.

கேட்கலாமா வேண்டாமா என்று இருந்து, கேட்டேன். "ஒருத்தர் மிதிச்சா கிழியுமா டாக்டர்?"

"யாரு, மாடா?"

"ஒரு பொம்பள."

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். தூக்கம் போய்விட்டது. "இருக்கலாம். முன்னாடியே கிழிஞ்சும் இருக்கலாம். சொல்ல முடியாது."

முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு. கை எல் மாதிரி மடங்கி நிற்கிறது. பஸ்ஸில் என் முழங்கைக்கு ஒரு சீட் வேண்டியிருந்தது. "அதுக்கும் ஒரு டிக்கெட் போடட்டுமா?" என்றார் கண்டக்டர்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சட்டைப் பொத்தான் வசந்தா போடுகிறாள். இடது கையைச் சட்டைக்குள் விட வழியில்லை, கை பாதி வெட்டிய பழைய சட்டை இரண்டு தயார். தலைக்கு எண்ணெயும் அவள்தான் தேய்த்தாள். "கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இவ்ளோ அடக்கமா ஒக்காந்ததில்ல."

மலர் (மகள், மூன்றாம் வகுப்பு) கட்டின் மேல் பேனாவால் ஒரு மாடு வரைந்தாள். நான்கு காலும் ஒரே பக்கம். மடி பெரியது.

லீவு கிடைக்காது. எனக்குப் பதில் போட ஆள் இல்லை. விழுப்புரம் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "ஊசிய கோவிந்தன் போடட்டும், சினைய நீங்க வலது கையால பாருங்களேன், கை கைதானே?" என்றார் மேலதிகாரி. அவர் மாட்டுக்குள் கை விட்டு எத்தனையோ வருஷமாகியிருக்கும்.

கை கைதான். ஆனால் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து உள்ளே போவது இடதுதான். வலது கை வெளியே ஊசிக்குழலைப் பிடிக்கும். இடது கைக்குக் கண் உண்டு, வலது கைக்கு இல்லை.

பயமாக இருக்கிறது. இங்கேயாவது எழுதி வைக்கிறேன். ஒட்டாவிட்டால் விழுப்புரத்தில் மேசை வேலை. தாலுகா வாரியாகக் கோழிக் கணக்கு. மாட்டைத் தொடாமல் ரிடையர் ஆக வேண்டும்.

பிப்ரவரி 21, வெள்ளி

பனி நின்றுவிட்டது. பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று. கட்டுக்குள் அரிப்பு. வசந்தாவின் பின்னல் ஊசி கைகொடுக்கிறது.

அஞ்சலை பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். கட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா சார் இது? விட்டுச்சுன்னு சொன்னீங்களே?"

"அது விட்டுச்சு. இது வேற."

நம்பவில்லை. மாட்டைச் சட்டத்துக்குள் விடும்போதும் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பசுவுக்குத் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னே சினை ஊசி போட்டது. டிசம்பரில் ஒரு ராத்திரி முழுக்கப் பருவத்துக்கு வந்த மாதிரி கத்தியதாம். அப்போது மழை, பாதை முழங்கால் தண்ணீர், திரும்ப ஊசிக்குக் கொண்டு வரவில்லை. சினை நிற்கவில்லை என்றுதான் அவள் நினைக்கிறாள். பால் வற்றிவிட்டது. சினை இருந்தால் வைத்துக்கொள்வாள். இல்லையென்றால் தீனி போட்டு வெயில் காலம் தாண்ட அவளால் முடியாது.

வலது கை. சோப்பு. ரொம்ப நேரம் தேடினேன். காலி.

"நிக்கல அஞ்சல."

"நெனச்சேன்" என்றாள். மாட்டின் முதுகைத் தட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போனாள்.

மார்ச் 8, சனி

கோவிந்தன் தன் மாட்டைக் கொண்டு வந்திருந்தான், குளம்பில் புண். மருந்து வைத்தோம். சட்டத்தில் சும்மா நிற்கிறதே என்று வலது கைக்குப் பழக்கமாக இருக்கட்டும் என உள்ளே விட்டேன். காலி.

வெளியே எடுத்துவிட்டுக் கேட்டேன். "உன் மாடு சினைதானே?"

"இன்னா சார் நீங்களே கேக்கறீங்க? பொங்கலுக்கு முன்ன நீங்கதான கை வெச்சி சொன்னீங்க."

சொன்னேன். இடது கையால். அது சினைதான், வயிறு பார்த்தாலே தெரிகிறது. திரும்ப விட்டேன். இடுப்பெலும்பைத் தாண்டி எட்டிப் பார்த்தால் வெற்றிடம். அப்போதுதான் உறைத்தது. நான்கு மாதம் ஆனால் கருப்பை கனத்து வயிற்றுக்குள் சரிந்துவிடும். தேடுகிற கைக்கு ஒன்றும் இல்லாத மாதிரிதான் இருக்கும். அப்போது உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பி, எலும்பை ஒட்டி ஓடும் ரத்தக்குழாயைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சினை இல்லாத மாட்டில் அது நாடி மாதிரி துடிக்கும். சினை ஏறினால் துடிப்பு மாறி, உள்ளே மணல் ஓடுகிற மாதிரி சரசரக்கும். இடது கை இதையெல்லாம் என்னைக் கேட்காமலே செய்துகொண்டிருந்தது. வலது கை குழாயை அழுத்தி நசுக்கிவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்கிறது.

கட்டுப் போட்ட பிறகு வலது கையால் இல்லை என்று சொன்ன மாடுகளை யோசித்தேன். மற்றதெல்லாம் இளம் கிடேரி, வீட்டிலேயே நிற்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"அஞ்சலை மாடு?"

"அது வித்தாச்சு சார். தரகர் அச்சாரம் குடுத்துட்டாரு. திங்கக்கெழம கேரளா லாரி வருது."

கேரளா லாரியில் கறவை மாடு போவதில்லை, அடிமாடுதான்.

மார்ச் 9, ஞாயிறு

காலை. திண்டிவனம் மாட்டு டாக்டர் வீட்டுக்குப் போனேன், அவர் வந்து ஒரு கை வைத்தால் போதும். மெட்ராஸில் பயிற்சி, புதன்தான் வருவாராம்.

பஸ் பிடித்துக் காலனி. அஞ்சலை வீட்டில் மாட்டைப் புளிய மரத்தில் கட்டி வலது கையால் மறுபடி பார்த்தேன். இருக்கிற மாதிரியும் இருக்கிறது. இல்லாத மாதிரியும் இருக்கிறது.

"மூணு நாள் பொறு அஞ்சல. வேற டாக்டர் வரட்டும்."

"லாரி நாளிக்கு சார். இத உட்டா அடுத்த லாரி எப்பவோ. வெக்கோலு பாருங்க, அவ்ளோதான் கெடக்குது." காட்டினாள். ஒரு கட்டுக்கூடத் தேறாது. "சினைன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, அச்சாரத்த மூஞ்சில உட்டெறிஞ்சிட்டு பட்டினி கெடந்தாவது வெச்சிக்கினு இருப்பேன். சும்மா இருக்கலாம், இருக்கலாம்னா நான் இன்னா பண்றது?"

சினை என்று பொய் சொல்லியிருக்கலாம். காலி மாட்டை வைத்துக்கொண்டு வெயில் காலம் முழுக்க அவள் கடன் வாங்கித் தீனி போட வேண்டியிருக்கும். வாயில் வரவில்லை.

கிளம்பும்போது கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "நான் மிதிச்சிதான சார் இது?"

"இல்ல. மாடு உக்காந்தது."

"கோவிந்தன் அப்படிச் சொல்லலியே."

கோவிந்தன் வாய்க்கு ஒரு மாவுக்கட்டு வேண்டும்.

ராத்திரி வசந்தாவிடம் மிதித்த கதை உள்பட எல்லாம் சொன்னேன். "ஒரு மாட்டுக்கு ஒரு கையா?" என்றாள். "உங்களுக்கு அவ பண்ணினதும் தப்பு, அவளுக்கு நீங்க பண்ணினதும் தப்பு. சரியாப் போச்சுன்னு விட்டுட முடியாதா?"

முடியும். மேலதிகாரியால் முடியும். அந்த எலும்பு டாக்டரே முடியும் என்பார்.

மார்ச் 10, திங்கள்

காற்றே இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எட்டு மணிக்குக் காலனி. ரோட்டில் லாரி நிற்கிறது, ஹாரன் அடித்துக்கொண்டு. தரகர் மாட்டின் கயிற்றைக் கையில் பிடித்தாகிவிட்டது. "ஜல்தி பண்ணுங்க சார், இன்னும் மூணு ஊர்ல ஏத்தணும்."

கையைக் கட்டோடு ஒரு வாளித் தண்ணீரில் வைத்து உட்கார்ந்தேன். மாவு இளகுவதற்குள் தரகர் நான்கு பீடி. கோவிந்தன் கருக்கரிவாளால் அறுத்தான், அவன் நாக்கு வெளியே தொங்கியது. மலரின் மாடு இரண்டாகப் போயிற்று. "ஐயோ வேணாம் சார், போனா போது சார்" என்று அஞ்சலை சொல்லிக்கொண்டே இருந்தாள். பதில் சொன்னால் நிறுத்திவிடுவேன் என்று அரிவாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்த கை என் கை மாதிரி இல்லை. இளைத்து, வெளுத்து, தோல் உரிந்து. முழங்கையை நீட்டவே நேரமாயிற்று.

சோப்பு. உள்ளே. மாடு முக்கியபோது மணிக்கட்டை நசுக்கியது, பல்லைக் கடித்தேன். எலும்பு. விளிம்பு. வெற்றிடம். இனி திருப்ப வேண்டும். எந்த அசைவு ஆறு வாரத்துக்குக் கூடவே கூடாதோ, அது.

திருப்பினேன். டக்.

விரல் இரண்டுக்கு நடுவே குழாய் கிடைத்தது. துடிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது. சரசரவென்று, நிற்காமல்.

"சினை. நாலரை மாசம்."

அஞ்சலை மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

தரகர்: "போன மாசம் இல்லன்னீங்க. இந்த மாசம் இருக்குன்றீங்க. அடுத்த மாசம் இன்னா சொல்வீங்க?"

"அஞ்சரைன்னு சொல்வேன்."

அச்சாரத்தை வாங்கிக்கொண்டு, "பேஜாருபுடிச்ச ஊரு" என்று திட்டிக்கொண்டே போனார். கையைக் கழுவக்கூட முடியவில்லை, கோ. தான் கழுவிவிட்டான். துண்டால் தூளி கட்டித் திண்டிவனம். வலி தலை வரை.

மார்ச் 13, வியாழன்

புதுச்சேரி. அதே டாக்டர். இன்று தூங்கியிருந்தார்.

"கட்டு எங்க?"

"கழட்டிட்டேன்."

"எதுக்கு?"

"ஒரு மாடு சினையான்னு பாக்க."

நல்ல கோபம். படித்தவர்கள் இப்படிச் செய்தால் படிக்காதவர்களை எப்படிச் சொல்வது, எனக்கு என்ன பைத்தியமா, இப்படியே இன்னும் இரண்டு வாக்கியம். எல்லாம் சரிதான். கேட்டுக்கொண்டேன். புதுக் கட்டுப் போட்டார், மறுபடி ஆறு வாரம், மறுபடி முழங்கைக்கு மேல். இந்தத் தடவை சந்தர்ப்பம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

மாவு காயும்வரை பக்கத்தில் நின்றார். பிறகு, "சினையா?" என்றார்.

"சினை."

"ம்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மார்ச் 29, சனி

வாரம் இரண்டு நாள் காலனிக்குப் போகிறேன். அஞ்சலையின் பசுவில் வலது கைக்குப் பாடம். சினை என்று நிச்சயம் தெரிந்த மாடு, கை பொய் சொன்னால் பிடித்துவிடலாம். இதுவரை பொய்தான் சொல்கிறது.

அஞ்சலை வைக்கோலுக்கு ஊர்த்தெருவில் கேட்டிருக்கிறாள். முதுகு பிடித்த ஒரு வீட்டில் இரண்டு கட்டுக் கொடுத்தார்களாம். "இனிமே சும்மா ஏறமாட்டேன் சார், வெக்கோலு குடுத்தாதான் காலு." தேறிவிட்டாள்.

மலர் புதுக் கட்டில் மாடு வரைய மாட்டேன் என்கிறாள். நான்தான் அறுத்துவிடுவேனாம். பூ வரைந்திருக்கிறாள்.

ஏப்ரல் 24, வியாழன்

கத்திரி வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. புதுச்சேரி பஸ்ஸில் இருக்கை சுட்டது.

கட்டு வெட்டியாயிற்று. டாக்டர் உள்ளங்கையை மேலே திருப்பினார், கீழே திருப்பினார். டக். அவருக்கும் கேட்டது. குழியில் அழுத்தினார். முதல் நாள் அளவு இல்லை, ஆனால் இருக்கிறது.

"ஒட்டல."

"அப்ப நடுவா?"

"அது இனிமே தெரியாது சார். ஓரமா இருந்து, ஒட்டிக்கிட்டு வந்தத நீங்க பிச்சிருக்கலாம். நடுவா இருந்திருந்தா எப்படியும் ஒட்டியிருக்காது. கழட்டாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

சாப்பாடு, சாவி, மொபெட் எல்லாம் மெல்ல வந்துவிடும். பளு, திருகுவது, அழுத்துவது வராது. மெட்ராஸில் கிழிந்த துண்டை வெட்டி எடுக்கிறார்கள், வலி குறையும், பலம் வராது. மாட்டு வேலை இந்தக் கையால் வேண்டாம்.

ஆக, இடது கை ஓய்வு பெற்றது. கடற்கரை வரை நடந்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. பக்கத்தில் சுண்டல் விற்கிறவன் இருந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

வசந்தாவிடம் சொன்னபோது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 26, சனி

காலை ஏழு மணிக்கே வியர்வை. சோப்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். விழுப்புரத்தில் அடுத்த வாரம் கூட்டம். கை பற்றிக் கேட்பார்கள். மேசை வேலை வேண்டுமா என்றும் கேட்பார்கள்.

காலனி. அஞ்சலையின் பசு, வலது கை. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. முதுகு வலித்தது, தோள் மரத்தது. போதும் என்று வெளியே எடுக்கும் சமயம் விரல்கள் தளர்ந்தன. அப்போது குழாய் தானாக வந்து நடுவில் நின்றது. அழுத்தவில்லை. அப்படியே விட்டேன். சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா சார், அப்பிடியே நின்னுக்கினு கீறீங்க?" என்றான் கோ.

"சும்மா இரு."

கையைக் கழுவ நிமிர்ந்தேன். நிமிர முடியவில்லை. ஒரே பக்கமாக வளைந்து நின்றதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்தேன். அஞ்சலை பார்த்துவிட்டாள். கிட்டே வரவில்லை. காலை ஒன்றன் மேல் ஒன்று வைத்து மறைக்கிற மாதிரி நின்றாள். கட்டை அறுத்த அன்றைக்குப் பிறகு என் கையை மிதித்த பேச்சே அவள் எடுத்ததில்லை.

துண்டை மணலில் விரித்தேன். குப்புறப் படுத்தேன்.

"வேணாம் சார். எனுக்கு பயமா கீது."

"கேட்டுக்கினுதான் படுத்திருக்கேன். ஏறு."

முதுகில் துணி போட்டாள். பிறகு குதிகால், மெதுவாக. ஒன்று. இரண்டு. மூன்று.

"விட்டுச்சா சார்?"

எழுந்து நின்று பார்த்தேன். இந்தத் தடவை விட்டிருந்தது.